வரைபடத்தில் தனியாகத் தெரியும் தெரு

2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஓடிய, நடந்த, சைக்கிள் மிதித்த தடங்களெல்லாம் அதில் ஒளிக்கோடுகள். யார் பெயரும் கிடையாது. இரண்டே மாதத்தில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் ராணுவ முகாம்கள் அதில் பளிச்சென்று தெரிவதைச் சுட்டிக்காட்டினார். சுற்றிலும் இருட்டு, வீரர்கள் ஓடிய வட்டம் மட்டும் வெளிச்சம். லண்டனில் இப்படி ஒருவரைப் பிரித்தறிவது கஷ்டம். ஆள் குறைந்த இடத்தில் பெயரில்லாத் தகவலே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கத்துச் சிற்றூரில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு விடியலில் நடப்பவர் ஒருவரோ இருவரோதான். கோடு தொடங்குமிடம் அவர் வீட்டு வாசல். எத்தனை மணிக்கு அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்பதும் கூடவே தெரியும். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி செயலியில் உண்டு. அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான்.

வெளியே போகாமல் வீட்டிலேயே வீடியோ வகுப்பில் சேர்ந்தால்? “கேமராவ ஆன் பண்ணுங்கக்கா, முதுகு வளையுறது தெரியணும்” என்பார் சென்னையிலிருக்கும் பயிற்சியாளர். கேட்பது நியாயம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. அட்டையில் ஜெயங்கொண்டம் ஜவுளிக்கடையின் பெயர், தெரு, போன் நம்பர். பக்கத்து ஆணியில் பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை. ஜூமில் பதிவு செய்தால் அறிவிப்பு வரும். எதிரே இன்னொரு போனை நீட்டிப் பிடித்தால் வராது. அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் எடை, இடுப்பளவு, பக்கவாட்டுப் படம் கேட்பார்கள். அந்தப் படம் குழுவிலுள்ள எத்தனை போன்களில் தானாகச் சேமிப்பாகிறதோ!

தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் இங்கே இன்னும் அபூர்வம். ஆனால் அதில் அசைவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2023இல் வெளியான பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, அதை அணிந்து பீட் சேபர் என்ற விளையாட்டை ஆடிய 55,000க்கும் மேற்பட்டோரில், தலையும் கையும் அசைந்த 100 நொடிப் பதிவைக் கொண்டே ஆளை 94 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது. பெயரை மறைத்துப் பயனில்லை.

சட்டம் பாதி வழிதான் வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது அந்தரங்க உறுப்புகளின் படத்தைப் பற்றியது. டிராக் பேன்ட் அணிந்து குனியும் காட்சி பரவினால் அந்தப் பிரிவு பொருந்துவது கடினம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

அதுவரை வெறும் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். பதிவு உண்டா, யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அளவும் படமும் பயிற்சியாளருக்குத் தனியாகப் போகட்டும், முகம் இல்லாமல். படம் வெளியே போய்விட்டது தெரிந்தால், பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்கத் தோன்றும். அதற்கு முன் நம்பரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். அல்லது மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் போங்கள்.