காலடியில் குழம்பு இல்லை

"பூமிக்குள்ள தீக்குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு, அது மேலதானே நாம மிதக்கிறோம்?" யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாடப்புத்தகப் படங்களில் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்துக்குச் செக்கச்செவேல் என்று வண்ணம் அடித்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகக் கேளுங்கள். கண்டங்களைச் சுமந்து நகரும் புவித்தட்டுகளுக்கு அடியில் இருப்பது பாறை. நல்ல கெட்டிப் பாறை. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் அதுதான்.

யார் போய்ப் பார்த்தது? நியாயமான கேள்வி. ஒருவரும் பார்க்கவில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் துளையிடத் தொடங்கி, வருடக்கணக்கில் போராடியும் 12,262 மீட்டரோடு நின்றுபோனது. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில். மேலோட்டைக்கூட அந்தத் துளை தாண்டவில்லை.

நாம் போக முடியாத இடத்துக்கு நிலநடுக்க அலைகள் போய்வருகின்றன. 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நடுக்கம் ஐரோப்பாவில் இருந்த கருவிகளிலும் பதிவானது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் இப்படிப்பட்ட பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். கோடு ஒரு முறை துடிக்கிறது. சிறிது நேரம் கழித்து வேறு விதமாகத் துடிக்கிறது. பிறகுதான் பெரிதாக ஆடுகிறது. முதலில் வருவது பாறையை அழுத்தியும் தளர்த்தியும் ஓடும் முதன்மை அலை. அடுத்தது பாறையைக் குறுக்கே அசைத்தபடி வரும் இரண்டாம் அலை. கடைசியில் வருபவை நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே வரும் அலைகள். பூமியின் நடுவே தனியாக ஒரு கருவம் உண்டு என்று 1906-இல் காட்டியவரும் இவரே.

அந்த இரண்டாம் அலையை மட்டும் கவனியுங்கள். குறுக்கே தள்ளினால் எதிர்த்து நிற்கும் பொருளில்தான் அது பரவும். திரவத்துக்கு அந்தத் திராணி கிடையாது, அதனால் திரவத்துக்குள் அது நுழையவே நுழையாது. ஆனால் கவசம் முழுவதையும் ஊடுருவி வந்துவிடுகிறது. அங்கே குழம்புக் கடல் இருந்திருந்தால் வந்திருக்க முடியுமா? 2,900 கிலோமீட்டர் ஆழத்தில்தான் அது நின்றுவிடுகிறது. அங்கே தொடங்கும் வெளிக்கருவம் உருகிய இரும்பு. அதற்கும் உள்ளே கெட்டியான உட்கருவம் ஒன்று இருப்பதை 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டுபிடித்தார்; ஒரு நியூசிலாந்து நடுக்கத்தின் பதிவுகளே அவருக்குக் கைகொடுத்தன.

சரி, கெட்டிப் பாறை என்றால் கண்டங்கள் எப்படி நகரும்? கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அது உருகுவதில்லை, சொன்னபடி வளைகிறது. கவசப் பாறையும் அந்த மாதிரிச் சூட்டில், கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாத அழுத்தத்தில், கெட்டியாக இருந்துகொண்டே மெல்ல நகர்கிறது. நம்ப முடியாவிட்டால் நம் ஊர்க் கல்குவாரி ஒன்றில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும் நைஸ் பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருப்பும் வெள்ளையுமான அந்தப் பட்டைகள் மடித்த புடவையைப் போல வளைந்து கிடக்கும். ஆழத்தில், சூட்டில், உடையாமல் மடிந்த கல் அது.

தட்டுகளை நகர்த்துவது எது என்பதில் பலருக்கும் குழப்பம். அடியிலிருந்து ஏதோ ஒன்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். ஆனால் பெரும் பங்கு இழுவைக்குத்தான். கடலின் நடுமுகடுகளில் பிறக்கும் கடற்தரை, வயதாக ஆகக் குளிர்ந்து கனத்துவிடுகிறது. அகழிகளில் கவிழ்ந்து கவசத்துக்குள் மூழ்கும்போது பின்னால் உள்ள தட்டையும் சேர்த்து இழுக்கிறது. இந்தியத் தட்டு இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது.

அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? தேவைப்படும் இடத்தில் அப்போதைக்கு அப்போது உருகுகிறது. கடல் முகடுகளில் பாறை மேலேறும்போது அழுத்தம் குறைகிறது; சூடு கூடாமலே ஒரு பகுதி உருகிவிடுகிறது. அகழிகளில் கதை வேறு. மூழ்கும் தட்டு தன் தாதுக்களில் நீரை அடக்கிக்கொண்டு போகிறது. 100 கிலோமீட்டர் ஆழம் வாக்கில் அந்த நீர் கசிந்து மேலேயுள்ள பாறையில் சேர்ந்தால், அதன் உருகுநிலை இறங்கிவிடுகிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, கடலுக்கு நடுவே உள்ள பாரன் தீவு இப்படி உண்டானதுதான். நீண்ட காலம் ஓய்ந்திருந்து 1991-இல் மறுபடி வெடித்தது. அங்கே கீழே இறங்கிக்கொண்டிருப்பது நம்முடைய இந்தியத் தட்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் பிளந்து நாகப்பட்டினம் வரை கடலைக் கொண்டுவந்து கொட்டியதும் அதே தட்டின் எல்லைதான்.