மருந்து பாதி, மனை பாதி

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் கணிதம் பயின்ற மாணாக்கன் ஒருவன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினான். பார்க்கப் போனோம். கொல்லைப்புறத்து அறையில் சுவரை நோக்கி அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தான். "சோற்றில் நாங்கள் விஷம் வைக்கிறோமாம், ஸார்!" என்று அவன் தாயார் கண்ணீர் விட்டார். "படிப்புக்குப் பயந்த சோம்பல்தான், நாலு வார்த்தை கண்டித்துச் சொன்னால் சரியாகிவிடும்" என்று தீர்ப்புக் கூறிவிட்டு வந்தோம். வாத்தியார் வாக்காயிற்றே என்று வீட்டார் நம்பினார்கள். வைத்தியம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. அந்த அபசாரத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறோம்.

அவனுக்கு வந்திருந்தது மனச்சிதைவு என்னும் வியாதி. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வைத்தியர் ப்ளாய்லர் 1908-ல் இதற்கு 'ஸ்கிஸோஃப்ரினியா' என்று பெயரிட்டார். ஒருவனுக்குள் இரண்டு மனிதர்கள் குடியிருப்பதுதான் இந்நோய் என்று பலர் எண்ணுவது பிசகு. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் ஒன்றோடொன்று இசையாமற் போவதே இதன் இயல்பு. உலகத்தில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இது தாய் தந்தையர் வளர்த்த குற்றத்தால் வருவதன்று. பேய் பிசாசின் வேலையுமன்று.

1952-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர்கள் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தது முதல், இந்நோய்க்கு மருந்தே இல்லை என்ற நிலை மாறிற்று. காதில் கேட்கும் குரல்கள் பலருக்கு அடங்கின. வீண் சந்தேகங்கள் தணிந்தன. ஆயினும், காலையில் எழுந்து குளிக்க வேண்டும் என்ற முனைப்பையும், நாலு பேரோடு பேசும் துணிவையும், விட்டுப்போன வேலையையும் மாத்திரை ஒன்றே திருப்பித் தந்துவிடுமா? அதற்கு வேறு சிகிச்சையும் வேண்டும். அதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு.

வீட்டார் பங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று சொல்வோம். ஜார்ஜ் பிரௌன் என்பவரும் அவருடைய சகாக்களும் லண்டனில் 101 நோயாளிகளை ஆராய்ந்து, 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓயாத குறைகூறலும், கடுகடுப்பும், அளவு கடந்த பதற்றமும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 100-க்கு 58 பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் மீண்டும் தலைகாட்டியது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் அப்படி ஆனவர்கள் 100-க்கு 16 பேர்தான். நோயை வீடு உண்டாக்குவதில்லை; ஆனால் அது திரும்பி வருவதையும் வராததையும் வீட்டின் பேச்சு பெரிதும் பாதிக்கிறது.

இந்தக் கணக்கு வெளிவருவதற்கு முன்பே, குடும்பத்தின் பலத்தை நம் தேசத்தார் ஒருவர் அறிந்திருந்தார். 1950-ஆம் ஆண்டுகளில் அமிருதசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களுடைய உறவினரையும் தங்கச் செய்தார். உறவினர் நோயின் தன்மையைக் கண்ணால் கண்டார்கள். பராமரிக்கும் விதத்தையும் கற்றார்கள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்யும் வழக்கத்தைக் கைக்கொண்டது.

சென்னையில் இத்துறைக்கு உழைத்தவர் டாக்டர் சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை வகித்த அம்மாது, நோயாளிகள் கைத்தொழில் செய்து தேறுவதற்கு வழி வகுத்தார். 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்தாபனத்தையும் தோற்றுவித்தார். 2021-ல், 98-ஆம் வயதில் காலமாகும் வரை அவர் வற்புறுத்தியது, நோயாளிக்குப் படுக்கை மட்டும் போதாது, பிழைப்பும் வேண்டும் என்பதே.

புனர்வாழ்வுப் பயிற்சி என்பது என்ன? பெரிய காரியத்தைச் சிறு படிகளாகப் பிரிப்பதுதான். முதலில் குறித்த நேரத்தில் எழுதல். பிறகு கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிச் சில்லறையை எண்ணி வருதல். பிறகு பஸ் ஏறி ஓரிடத்துக்குப் போய்த் திரும்புதல். கடைசியில் அரை நாள் வேலை. ஒவ்வொரு படியிலும் ஒரு நல்ல சொல். தூக்கம் கெடுவதும் பழைய சந்தேகங்கள் எழுவதும் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டதும் வைத்தியரிடம் போக வேண்டும். நன்றாயிருக்கிறதே என்று மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

இதற்கு நேர்மாறான வழி எங்கே கொண்டுவிடும் என்பதை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே மனநோயாளிகளின் கொட்டகையொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓடித் தப்ப முடியாமல் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அடியோடு தடுத்திருக்கிறது. ஆனால் இரும்புச் சங்கிலியைத்தான் சட்டம் அறுக்கும். "பைத்தியம்" என்று நாம் பூட்டும் சொல் விலங்கை நாமேதான் அறுக்க வேண்டும்.

நம் மாணாக்கன் இப்போது ஒரு காகிதக் கடையில் காலை வேளையில் மட்டும் கணக்கு எழுதுகிறான். குரல்கள் அடியோடு போய்விடவில்லையாம், "கேட்கும், ஸார், ஆனால் இப்போது நான் பதில் சொல்வதில்லை" என்றான். சென்ற மாதம் அவனிடம் நோட்டுப் புத்தகங்கள் வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். பின்னாலேயே ஓடிவந்து பத்து ரூபாயை நம் கையில் வைத்து, "கூட்டியதில் தவறு, ஸார்" என்றான். கணக்கில் தவறியது நாம்தான்.