உங்க மூச்சுக்கு எந்த ட்யூபா?

பைக் வாங்கப் போனா என்ன பண்ணுவீங்க? முதல்ல ஏறி உட்கார்ந்து, கால் தரையில படுதான்னு பார்ப்பீங்கல்ல? ட்யூபாவும் அப்படித்தான் பாஸ்!

1835-ல் பெர்லினில் பிறந்த இந்த வாத்தியம், பித்தளைக் குடும்பத்தின் பெரியண்ணன். 1930-களில் அமெரிக்காவின் யார்க் கம்பெனி, பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவின் டொனாடெல்லிக்காகவே ஒரு ட்யூபா செய்தது. நாதம் அபாரம். ஆனா அவருக்கு தொப்பை பெரிசு, கை குட்டை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை! மாணவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸுக்கு 175 டாலருக்குக் கொடுத்துட்டார். ஆஸ்துமாக்காரரான ஜேக்கப்ஸ், சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை இருந்தார். அவர் பேரோடவே ஒட்டிக்கிச்சு அந்த ட்யூபா.

சரி, உங்களுக்கு எது?

முதல்ல ஸ்ருதி. பி-ஃபிளாட் ட்யூபாவின் குழாயை நேரா நீட்டினா சுமார் 18 அடி. பேண்டுக்கு கனமான அடித்தளம். எஃப் ட்யூபா 12 அடிதான். மேல் ஸ்தாயி சோலோவுக்கு ஈஸி. நடுவுல சி, ஈ-ஃபிளாட்.

அடுத்து உடம்பு. நிமிர்ந்து உட்காருங்க. கழுத்தை வளைக்காம மவுத்பீஸ் உதட்டுக்கு வரணும். விரல் வால்வுல இயல்பா விழணும். ஒரு மூச்சுல ஒரு வரி முழுசா வாசிக்க முடியணும். நண்பனைத் தள்ளி நிக்க வெச்சுக் கேட்கச் சொல்லுங்க. பக்கத்துல முழங்குறது தூரத்துல மங்கலாம்.

பிராண்ட், விலை எல்லாம் அப்புறம். ஊதப்போறது உங்க மூச்சுதானே!