கால் ஒன்று காத்தால் தறி ஒன்று ஓடும்

கனககிரி மலையடிவாரத்தில் உள்ள நம் தேவிகாபுரத்தில், விடியற்காலையில் நெசவாளர் தெருவில் நடந்தால் தறியின் ஓசைதான் நம்மை வரவேற்கும். அந்த ஓசையைக் கேட்டதும் நாம் நெசவாளரின் கைகளையே நினைக்கிறோம். நாடாவை ஓடவிடுவதும், ஊடையை அடித்துச் சேர்ப்பதும் கைகள்தாம். ஆனால் குழித்தறிக்குள் எட்டிப் பார்த்தால் வேறோர் உண்மை தெரியும். அங்கே இரண்டு கால்களும் மாறி மாறி மிதியை அழுத்திக்கொண்டிருக்கின்றன. மிதி அழுந்தினால்தான் பாவின் இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். கால் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு அணையும்.

அத்தகைய நெசவாளர் ஒருவர் பட்டு நூல் வாங்குவதற்காக ஆரணிக்கு இருசக்கர வண்டியில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் லாரி ஒன்று மோதி, வயல் ஓரத்தில் விழுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. புண்ணெல்லாம் சேறு. மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் அறுவை மருத்துவர் முன் நிற்பது ஒரே கேள்வி: இந்தக் காலைக் காப்பதா, எடுப்பதா?

எந்தப் பக்கம் தவறினாலும் துன்பமே. காக்க முடியாத காலைக் காக்க முயன்றால், புண் சீழ் பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுவைகள் செய்து, வீட்டு நகைகளெல்லாம் அடகுக்குப் போன பிறகு, கடைசியில் கால் எடுக்கப்படும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரும். காத்திருக்கக்கூடிய காலை அவசரப்பட்டு எடுத்துவிட்டாலோ, போனது திரும்பாது. இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் எப்படி விடை தேடியது என்பதையும், அந்த விடையில் நமக்குள்ள பங்கு என்ன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஊகத்திலிருந்து கணக்கிற்கு

எலும்பு முறிந்து தோலும் கிழிந்த காயத்தைத் திறந்த முறிவு என்பார்கள். அமெரிக்க மருத்துவர்கள் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் இத்தகைய 1,025 முறிவுகளை ஆராய்ந்து, அவற்றை மூன்று வகைகளாகப் பிரித்து 1976ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூன்றாம் வகையே மிகக் கொடியது. அதை 1984இல் மேலும் மூன்றாகப் பிரித்தனர். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் இந்தப் பிரிவைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஒரு குறை இருந்தது. எளிதில் ஆறும் காலும், எவ்வளவு பாடுபட்டாலும் நிலைக்காத காலும் ஒரே பெயரில் ஒரே பைக்குள் அடைபட்டன.

1990இல் அமெரிக்காவில் ஒரு மதிப்பெண் முறை வந்தது. அது காலுக்கு இரத்தம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதற்கு மிகுந்த இடம் கொடுத்தது. இரத்த ஓட்டம் நன்றாக இருந்தும் தோல், தசை, எலும்பு ஆகிய மூன்றும் சிதைந்து கிடக்கும் கால்களுக்கு அது சரியான வழி காட்டவில்லை.

அந்த வழியைக் காட்டியது நம் தமிழ்நாடு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. கோயம்புத்தூரில் 1978இல் தொடங்கப்பட்டது கங்கா மருத்துவமனை. அங்கே எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் எஸ். இராஜசபாபதி ஆகியோரின் குழுவினர், காயம்பட்டவரை முதல் நாளே இரு துறையினரும் சேர்ந்து பார்ப்பதை வழக்கமாக்கினர். எலும்பைப் பொருத்தியவர் ஒருநாளும், தோலை மூடுபவர் வேறொரு நாளுமாக வந்தால், இடைப்பட்ட காலத்தில் கிருமி முந்திக்கொள்ளும் அல்லவா? அந்தக் குழுவினர் தாம் பார்த்த காயங்களைக் குறித்துவைத்து, ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினர். இரத்தக் குழாய் அறுபடாத 109 கீழ்க்கால் முறிவுகளில் அதைச் சோதித்து, 2006ஆம் ஆண்டு பிரிட்டனின் எலும்பு அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

கூடினால் ஆபத்தான மதிப்பெண்

மாணவியராகிய நமக்கு மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி. இங்கே கூடினால் ஆபத்து. மேலே மூடியிருக்கும் தோல், காலை இயக்கும் தசையும் நரம்பும், தாங்கி நிற்கும் எலும்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை கொடுக்கிறார்கள். எலும்பு குறுக்கே முறிந்திருந்தால் 1; நான்கு சென்டிமீட்டருக்கு மேல் எலும்பே காணாமற் போயிருந்தால் 5. இவற்றோடு, சிகிச்சையைக் கடினமாக்கும் ஏழு நிலைகளில் எது இருந்தாலும் அதற்கு 2 கூட்டப்படும். சர்க்கரை நோய் போன்ற நாட்பட்ட நோய், 65 வயதைத் தாண்டிய முதுமை, சாக்கடை அல்லது வயல் அழுக்கு புண்ணில் கலந்திருத்தல், காயம்பட்டுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகே புண் சுத்தம் செய்யப்படுதல், இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருத்தல் ஆகியவை அந்த ஏழில் அடங்கும். மொத்தம் 29. கூட்டுத்தொகை 14க்குள் இருந்தால் காலைக் காக்க முயலலாம். 17ஐ எட்டினால் எடுப்பதே நன்று. இடைப்பட்ட 15, 16 மதிப்பெண்களில் நோயாளியின் வயது, தொழில், குடும்ப நிலை ஆகியவற்றையும் அனுபவமுள்ள மருத்துவர்கள் எண்ணிப்பார்த்து முடிவு செய்கிறார்கள்.

இப்போது நம் நெசவாளரின் காலுக்கு நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோலுக்கு 4, தசைக்கு 3, எலும்புக்கு 3, ஆக 10. காலைக் காக்கலாம். வயல் சேற்றுக்காக 2 சேர்ந்தால் 12. இன்னும் நம்பிக்கை உண்டு. ஆனால் போலீஸ் கேள்வி வருமே என்று அஞ்சி வழியில் போவோர் ஒதுங்கிப் போனார்கள். பிறகு யாரோ புத்தூர்க் கட்டுப் போடலாம் என்றார்கள். அதற்கும் பிறகு பெரிய மருத்துவமனை என்று அலைந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் கடந்தது. இன்னும் 2 சேர்ந்து 14. இதற்குள் இரத்தம் ஒழுகி ஒழுகி அழுத்தம் வீழ்ந்ததால் மேலும் 2, ஆக 16. காயம் அதேதான். பத்திலிருந்து பதினாறுக்கு ஏற்றியது லாரி அன்று; காலத்தாமதமும், அழுக்கும், இரத்த இழப்புமே. மருத்துவரின் கத்தி தொடுவதற்கு முன்பே அந்தக் காலின் விதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர்கள் வழியில் நின்றவர்கள்!

இரத்தத்தைக் காத்த தாய்

இரத்த இழப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்மணியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். போருக்குப் பிந்திய ஜப்பானில், மகப்பேற்றின்போது இரத்தப் பெருக்கால் தாய்மார்கள் இறப்பதைக் கண்டு வருந்திய உடாகோ ஒகாமோட்டோ, தம் கணவர் ஷோசுகேயுடன் சேர்ந்து மருந்து தேடினார். பெண் விஞ்ஞானிகளுக்கு மதிப்புக் குறைந்திருந்த காலம் அது. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கைக்குழந்தையை முதுகில் சுமந்துகொண்டே ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1962இல் அவர்கள் வெளியிட்ட மருந்தே டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த இரத்தம் மீண்டும் கரைந்துவிடாமல் அது தடுக்கிறது.

விபத்தில் காயம்பட்டோருக்கு இது உதவுமா என்று அறிய, இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இம்மருந்து. மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. 2010இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்திருக்க, பெற்றவர்களில் 14.5 பேர் இறந்திருந்தனர். ஆயிரம் பேருக்கு 15 உயிர்! மறு ஆண்டு மேலும் ஆராய்ந்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், பிந்திக் கொடுத்தால் தீங்கும் நேரலாம் என்று தெரிந்தது. இங்கும் காலமே நீதிபதி.

உயிர் பிழைத்த பின்

அறுவை வெற்றி என்று எதைச் சொல்வது? தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்புவதையா? அமெரிக்காவின் எட்டு மருத்துவமனைகளில் கால் கடுமையாகச் சிதைந்த 569 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். கால் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 53 பேரும், கால் காக்கப்பட்டவர்களில் 49 பேரும் வேலைக்குத் திரும்பியிருந்தனர். அன்றாட வாழ்க்கை நிலையிலும் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கல்வி, வருமானம், தன்னம்பிக்கை, தாங்கிப் பிடிக்கும் உறவினர் ஆகியவை இருந்தனவா என்பதே அவர்களின் நிலையைப் பெரிதும் மாற்றியது.

ஆகவே கால் இழந்தவர் வாழ்வை இழந்தவர் அல்லர். அவரை நொண்டி என்று அழைப்பதும், விசேஷங்களில் ஒதுக்குவதும் நாம் செய்யும் இரண்டாவது விபத்து. 1968இல் ஜெய்ப்பூரில் அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் இடம் தந்தது. நம் நாட்டு வாழ்க்கையை அறிந்த கை செய்த கால் அது.

நாம் செய்ய வேண்டியவை

அறுவைக் கத்தியைப் பிடிக்க நமக்கு இன்னும் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆனால் அந்தப் பதினாறைப் பத்தாக வைத்திருக்க இன்றே முடியும்.

இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்போம். துணி நனைந்தால் அதை எடுக்காமல், மேலே இன்னொன்றை வைத்து அழுத்துவோம். காப்பித் தூள், மஞ்சள், பச்சிலை எதையும் புண்ணில் வைக்க வேண்டாம். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளவும் வேண்டாம். காலை இருந்தபடியே அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டுவோம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் சோடாவோ காப்பியோ குடிக்கக் கொடுக்க வேண்டாம். உடனே 108ஐ அழைப்போம். 2008 முதல் நம் மாநிலத்தில் அந்த வண்டி ஓடுகிறது.

போலீஸ் பயமும் வேண்டாம். விபத்தில் உதவுவோர் தம் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளாவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டமும் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. கையில் பணமில்லையே என்று வீட்டார் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? உடனே தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடிப் பிடித்துப் பிணைக்கிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேலை முழுவதும் கோடு விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். சாலையில் விழுந்து கிடப்பவரும் நம் ஊர்ப் பாவின் ஓர் இழையே. அறுந்த கணமே கைகொடுப்போம். நம் தெருவில் ஒரு தறிகூட நிற்காமல் காப்போமாக!