முறுக்கற்ற கயிறு

கயிறு என்றவுடன் முறுக்கு என்னும் எண்ணமும் உடனெழுகின்றது. நாரைத் திரித்து நூலாக்கி, நூல்களைச் சேர்த்துப் புரியாக்கி, புரிகளை எதிர்ப்புறமாக முறுக்கி வடமாக்குதலே தொன்றுதொட்டு வந்த தொழின்முறை. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, முறுக்கே இல்லாது இழைகளெல்லாம் ஒன்றற்கொன்று சமாந்தரமாகக் கிடக்கும் செயற்கைக் கயிறுகள் தோன்றி, உருக்கு வடங்கள் செய்துவந்த வேலைகள் சிலவற்றைத் தாம் ஏற்றுக்கொண்டன. முறுக்கைக் கைவிடுதல் எவ்வாறு இயன்றது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் முறுக்கு எதற்காக ஏற்பட்டது என்பதை நோக்குவோம். தேங்காய் மட்டையிலிருந்து பெறும் தும்பில் ஓரடிக்கு மேற்பட்ட நீளமுள்ள நாரைக் காண்டல் அரிது. கயிறோ நூறடி வேண்டும். ஓரடி நாரையும் அதற்கடுத்த நாரையும் பிணைப்பது பசையன்று, உராய்வே. முறுக்கிய கயிற்றை இழுக்குந்தோறும் நார்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கம் மிகுந்தோறும் உராய்வு மிகுகின்றது. எனவே முறுக்கென்பது குறுநாரின் குறையை நிறைக்கவந்த உபாயமேயாம்.

இவ்வுபாயம் இலவசமாகக் கிடைப்பதன்று. முறுக்கிய இழை கயிற்றின் அச்சுக்குச் சாய்ந்து செல்கின்றது. சாய்வு 20 பாகையாயின், இழை தாங்கும் விசையில் 0.94 பங்கே அச்சின் திசையிற் பயன்படும். நூலில் ஒரு முறுக்கு, புரியில் ஒரு முறுக்கு, வடத்தில் ஒரு முறுக்கு என இழப்பு அடுக்கடுக்காகச் சேரும். அன்றியும், சுமை ஏறியவுடன் சுருள் நேராக முயல்வதாற் கயிறு நீளும். முறுக்கவிழ முயல்வதாற் தொங்கும் பொருள் சுழலும். உள்ளிழைகள் ஒன்றோடொன்று தேய்ந்து நையும்.

செயற்கை இழைகள் தோன்றியதும் நிலைமை மாறியது. 1935 இல் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனத்திலே வொலஸ் கரோதேர்ஸ் என்பாரின் ஆய்வுகூடத்தில் நைலோன் உருவாயிற்று. 1941 இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்ரர் இழையைக் கண்டனர். 1965 இல் டியூபொன்ற் நிறுவனத்தில் ஸ்ரெபனி குவொலெக் என்னும் அம்மையார் நிகழ்த்திய ஆய்வு கெவ்லார் என்னும் அரமைட் இழைக்கு வழிவகுத்தது. ஓர் இழை தன் நிறையைத் தானே தாங்காது அறுவதற்கு எத்துணை நீளம் தொங்கவேண்டும் எனக் கணித்தால், உயர்தர உருக்குக் கம்பிக்கு ஏறத்தாழ 23 கிலோமீற்றரும், அரமைட் இழைக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரும் வரும்.

இவ்விழைகளின் வலிமையைக் காட்டிலும் நமக்கு இங்கு முக்கியமானது அவற்றின் நீளம். நுண்டுளைகளினூடே பிழியப்பட்டு வரும் இவ்விழைக்கு முடிவில்லை. கயிற்றின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அறாது செல்லலாம். குறுநாருக்காக ஏற்பட்ட முறுக்கு, நெடுநாருக்கு எதற்கு? இவ்வினாவுக்கு விடையாக 1960 களில் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்றீஸ் நிறுவனம் 'பரபில்' என்னும் கயிற்றை ஆக்கியது. வட அத்திலாந்திக் கடலிலே கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைமேடைகளை நிறுத்திவைத்தற்கென அது முதலில் வகுக்கப்பட்டது.

இனி, இத்தகைய கயிற்றை ஆக்கும் முறையைக் காண்போம். முதலில் இழைகளுக்கு வழுவழுப்பான மென்பூச்சு ஒன்று இடப்படும். உவர்நீரில் நனைந்த இழைகள் ஒன்றோடொன்று உரைஞ்சித் தேயாதிருத்தற்கு இப்பூச்சு இன்றியமையாதது. பின்னர், நூல் சுற்றிய கட்டைகள் பலவற்றை ஒரு பெருஞ்சட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நூலையும் துளைத்தட்டு ஒன்றன் தனித்தனித் துளை வழியே செலுத்துவர். நூல்கள் குறுக்கிடாது ஒரு வளையத்திற் கூடி வட்டக் கற்றையாகும். அக்கற்றையின்மேல் உருகிய பொலித்தீன் உறையாகப் படிந்து, நீர்த்தொட்டியிற் குளிர்ந்து இறுகும். உறையிற் கலந்த கரி, சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து இழைகளைக் காக்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. எல்லா நூல்களும் ஒரே இறுக்கத்தோடு செல்லல் வேண்டும். தேர்வடம் பிடிப்போர் நூறுபேராயினும், கை தளர்த்தி நிற்பவரால் தேர் நகர்வதில்லை. அவர் பங்கையும் மற்றையோரே இழுக்கின்றனர். அவ்வாறே தளர்ந்த நூல் சுமையேற்காது. இறுகிய நூல் தன் பங்குக்கு மேல் ஏற்று முதலில் அறும். அதன் சுமை அடுத்ததன்மேல் விழும். முறுக்கிய கயிற்றில் இக்குறை ஓரளவு தானே சமனாகும். சமாந்தரக் கயிற்றிலோ தொழிற்சாலையிலேயே அதனைக் களைதல் வேண்டும்.

நுனிகளைப் பிடித்தலும் இத்தகைய சிக்கலே. முடிச்சிட்டால் நூல்கள் வளைந்து, சில இறுகச் சில தளரும். ஆதலின் உறையை நீக்கி, கூம்பு வடிவான குழலினுள் நூல்களைச் சுற்றிலும் பரப்பி, நடுவே கூர்முளை ஒன்றை அறைவர். இழுக்க இழுக்க முளை உள்ளே இறங்கி நூல்களைக் குழற்சுவரோடு நெருக்கும். முறுக்கு முன்னர் கயிறு நெடுகச் செய்த வேலையை இம்முளை நுனியில் மட்டும் செய்கின்றது.

இக்கயிற்றால் எய்திய பயன் சிறிதன்று. ஸ்கொத்லாந்தின் அபர்பெல்டி என்னுமூரில் டே ஆற்றின் குறுக்கே 1992 இல் அமைக்கப்பட்ட நடைபாலத்தின் நடுக்கண் 63 மீற்றர் நீளமுடையது. அதன் தளம் கண்ணாடியிழை கலந்த பிளாத்திக்கால் ஆனது. அத்தளத்தைத் தாங்கியவை அரமைட் இழையாலான பரபில் வடங்களே. துருப்பிடியாமையும் மின்கடத்தாமையும் இவ்வடங்களின் வேறிரு சிறப்புகள்.

எனினும் இழந்தவையும் உள. இக்கயிறு சிறு கப்பியில் வளையாது. முறுக்கிய கயிற்றில் ஓரிழை அறுந்தாலும், அயலிழைகளின் பிடியாற் சற்றுத் தொலைவில் அது மீண்டும் சுமையேற்கும். சமாந்தரக் கயிற்றில் அப்பிடி மிகக் குறைவாதலின், ஓரிடத்தில் அறுந்த நூல் பெரும்பாலும் நெடுகவும் பயனற்றதாகும். கிணற்றுக் கயிறு தேய்ந்தால் இறைப்பவன் கண்ணாலே காண்பான். உறையினுள் நிகழும் தேய்வை எவரும் காணார். கயிற்றை நம்பி நிற்பவை மனித உயிர்களாதலின் இது அற்பமான குறையன்று. சுமையின் அளவை வரையறுத்தலும், காலத்துக்குக் காலம் மாதிரித் துண்டுகளை அறுத்துச் சோதித்தலும், உரிய வேளையில் மாற்றுதலும் இதனாற் கடமைகளாயின.

ஆழ்கடல் எண்ணெய் மேடைகளை நிறுத்துவோர் நடுவழியொன்றைக் கைக்கொண்டனர். பிரேசில் நாட்டுக் கடலில் 1990 களிலிருந்து பயன்பட்டுவரும் பொலியெஸ்ரர் வடங்களிலே, மென்முறுக்குடைய சிறுகயிறுகள் பல சமாந்தரமாகப் பின்னலுறையொன்றினுள் அடங்கியுள்ளன. அவற்றுட் பாதி இடமுறுக்கும் பாதி வலமுறுக்கும் உடையன. ஆதலின் வடம் சுழல்வதில்லை.

பழைய முறையொன்றைக் கைவிடுமுன், அது ஆற்றிவந்த பணிகள் யாவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நார்களைப் பிணைத்தல், சுமையைப் பகிர்தல், அறுந்ததைத் தாங்கல், முடிச்சுக்கு இடங்கொடுத்தல் என முறுக்கு ஆற்றிய பணிகள் பல. நெடிய இழை அவற்றுள் முதலாவதை மட்டுமே வேண்டாததாக்கியது. ஏனையவற்றைப் பூச்சும் உறையும் கூம்புக் குழலும் இடைவிடாத கண்காணிப்பும் பகிர்ந்து ஆற்றுகின்றன. விஞ்ஞானம் பயிலும் மாணவர் புதியதொரு பொருளின் வலிமையைக் கேட்டு வியத்தலோடு அமையாது, அது எந்தப் பழைய பணியை யாரிடம் ஒப்படைத்தது என்றும் வினவுவாராக.