பொன்னின் சாட்சியம்

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குப் பருத்தி மூட்டைகளைக் கொண்டுவரும் குடியானவர், தம் சரக்கின் தரத்தைத் தாமே அறிவார். பஞ்சை விரலால் இழுத்து நீளம் பார்க்கிறார். வெண்மையைக் கண்ணால் மதிக்கிறார். வியாபாரியும் அவ்வாறே பார்த்த பின்னரே ஏலத்தில் விலை கூறுகிறார். ஆனால் அன்று காலை அவர் கிணற்றிலிருந்து மொண்டு குடித்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுகொள்ள அவரிடம் யாதொரு சாதனமும் இல்லை. விஷம் கலந்த நீரும் பளிங்கு போலவே தெளிந்திருக்கும். நீரைப் புட்டியில் அடைத்துத் தொலைவிலுள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இக்குறையைப் பொன்னைக் கொண்டு தீர்க்கலாம் என்று ரஸாயன சாஸ்திரிகள் கூறுகிறார்கள். பெண்ணின் கழுத்துக்கு ஒரு சவரன் வாங்கவே திணறும் நாட்டில் கிணற்று நீரைச் சோதிக்கப் பொன்னா என்று வாசகர்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

வெள்ளிப் பாத்திரம் நாளடைவில் கறுப்பதை யாவரும் கண்டிருக்கிறோம். காற்றிலுள்ள கந்தக வாயு அதனைப் பற்றுவதே காரணம். பொன் அவ்வாறு கறுப்பதில்லை. எதனோடும் எளிதில் கலவாத உலோகம் என்று பெயர் எடுத்தது அது. ஆயினும் அதற்கும் ஓர் ஆசை உண்டு. கந்தகத்தைத் தலையிலே தாங்கி, கரிமச் சங்கிலியை வாலாக உடைய 'தையால்' என்னும் சேர்மங்களைக் கண்டால் பொன் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது. அத்தகைய கந்தகச் சேர்மங்கள் பொன் தகட்டின்மேல் படைவீரர் போல் அணிவகுத்து நிற்பதை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் பரிசோதனைச் சாலையைச் சேர்ந்த நுஸோ, அல்லாரா என்ற இருவர் வெளியிட்டனர். 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் சர்வகலாசாலையில் புரூஸ்டும் அவருடைய சகாக்களும் மிக நுண்ணிய பொன் துகள்களுக்கே தையால் போர்வை போர்த்தும் எளிய முறையைக் கண்டனர். கந்தக முனை பொன்னைப் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் நாம் வேண்டிய ரஸாயனக் கொக்கியை மாட்டலாம். பாதரசத்தைப் பிடிக்க ஒன்று, பூச்சிமருந்தைப் பிடிக்க மற்றொன்று. இவ்வித்தையின் சூக்ஷுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

பிடித்ததைப் பொன் எவ்வாறு நமக்கு அறிவிக்கும்? நிறத்தால்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லக்ஷம் கூறு செய்தால் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். சுமார் 15 நானோமீட்டர் குறுக்களவுள்ள பொன் துகள்கள் நீரில் தனித்தனியே மிதக்கும்போது, அந்நீர் மஞ்சளாக இராது. மாணிக்கம் போல் சிவந்திருக்கும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டால் சிவப்பு மாறி ஊதாவாகும், பின்னர் நீலமாகும். மைக்கேல் பாரடே 1857-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு எழுதினார். அவர் தயாரித்த பொன் திரவம் இன்றும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிவப்பாகவே இருக்கிறது. நாம் தேடும் விஷம் துகள்களைக் கோத்து இழுத்தால் நிறம் மாறும். அதைக் காண யந்திரம் தேவையில்லை, கண் போதும்.

இது கடல் கடந்த நாடுகளின் கைவேலை மாத்திரம் அன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர்களும், பருத்திக்காட்டில் ஒரு காலத்தில் தாராளமாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானைப் பொன் துகள்களைக் கொண்டு நீரில் கண்டறியலாம் என்று 2003-இல் காட்டினர். அம்மருந்தை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2011-இல்தான். கந்தகத்தைத் தம் உடலிலேயே கொண்டுள்ள மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவையும் பொன், வெள்ளித் துகள்களில் ஒட்டிக்கொள்வதை அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்த வீட்டு நீர் வடிகட்டி ஒன்று, வெள்ளித் துகள்களைக் கொண்டு, கடைக்கும் வந்தது.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சோதனைக்குரிய சிவப்புத் திரவம் ஒரு லிட்டரில் சாதாரணமாக 50 மில்லிகிராம் பொன்னே இருக்கும். ஒரு கிராம் பொன்னில் 20 லிட்டர் திரவம். தடவைக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் 20,000 சோதனைகள். ஒரு சவரன் இருந்தால் மூலனூர் வட்டாரத்துக் கிணறுகளையெல்லாம் பலமுறை சோதித்த பிறகும் மிச்சம் இருக்கும்.

அப்படியானால் ஏன் இன்னும் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை? வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் விசாரணையில் தெளிவாகப் பேசும் சாட்சி குறுக்கு விசாரணையில் தடுமாறுவதுண்டு. பொன்னும் அத்தகைய சாட்சியே. வாலை நீரில் அது பொய் சொல்வதில்லை; உப்பு நீரில் தடுமாறுகிறது. உப்பைச் சேர்த்தால் சிவப்புத் திரவம் நீலமாவதையும் பாரடேயே கண்டிருந்தார். விஷம் அணுவளவும் இல்லாவிடினும் உப்பு ஒன்றே துகள்களைத் திரளச் செய்துவிடும்.

இது நம் பிரதேசத்துக்குச் சாதாரண ஆக்ஷேபம் அன்று. பருத்தி நூலாகி, பின்னலாகி, திருப்பூரில் சாயத்தொட்டியில் இறங்குகிறது. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைக் கரைக்கிறார்கள். அவ்வுப்பு நொய்யலில் விழுந்து, பாசனத்துக்கென்று 1990-களின் துவக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயநீர்த் தேக்கமாக்கிய கதையை நாம் மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடும்படி உத்தரவிட்டதும் அதன் விளைவே. உப்பேறிய அக்கரைக் கிணறுகளில் இச்சோதனை செய்தால் எல்லாம் விஷம் என்றே தோன்றும். மக்கள் முதலில் அஞ்சுவர், பின்னர் அலக்ஷியம் செய்வர். பொய்ச் சாட்சியால் விளையும் கேடு, சாட்சியே இல்லாததால் விளைவதினும் பெரிது.

பரிகாரம் உண்டு, அதுவும் கந்தகத்திடமே இருக்கிறது. உப்புக்கு அசையாத நீண்ட சங்கிலிகளைத் தையால் முனையால் பொன்னின்மேல் நட்டுவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று எளிதில் நெருங்கா. ஆனால் போர்வை மிகவும் அடர்ந்துவிட்டாலோ, விஷமும் பொன்னை நெருங்க முடியாது. எவ்வளவு போர்த்துவது, எவ்வளவு திறந்து வைப்பது என்பதை நொய்யல் நீரையும் அமராவதி நீரையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

பொன் துகள்கள் ரஸாயன மாறுதல்களை விரைவுபடுத்தும் ஊக்கிகளாகவும் உழைக்கின்றன. ஜப்பானிய விஞ்ஞானி ஹருதா, நச்சுவாயுவான கார்பன் மோனாக்ஸைடைக் கடுங்குளிரிலும் பொன் எரித்துவிடுகிறது என்று 1987-இல் வெளியிட்டது முதல் இத்துறை வளர்ந்திருக்கிறது. சாயநீரில் பொன் துகளையும் தக்க ரஸாயனத்தையும் இட்டால் சில நிமிஷங்களில் நிறம் மறைகிறது. இதைக் கண்டு திருப்பூரின் துயரம் தீர்ந்தது என்று எழுதுவோரும் உண்டு. நாம் அவ்வாறு எழுத மாட்டோம். 'அசோ' வகைச் சாயத்தை இம்முறையில் உடைத்தால் நிறம் போகும். அதன் துண்டுகளான அமீன்கள் நீரிலேயே தங்கும். அவற்றுள் சில புற்றுநோய் விளைவிப்பவை. கந்தகச் சாயத் தொட்டியிலிருந்து வரும் ஸல்பைடோ, பொன்னின் முகத்தை மூடி அதன் ஊக்கத்தையே அடக்கிவிடும். துகளைப் போர்த்திக் காக்கும் அதே பிணைப்பு இங்கே அதற்கு விலங்காகிறது.

ஆகையால் சர்க்காரையும் கலாசாலைகளையும் நாம் கேட்பது இதுதான். மூலனூர், தாராபுரம், காங்கயம் கிணறுகளின் நீரையும், திருப்பூர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் நீரையும் மாதந்தோறும் எடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் பொன்னாலும் பெரிய யந்திரத்தாலும் சோதியுங்கள். இரண்டும் எங்கே ஒத்தன, எங்கே முரண்பட்டன என்பதை மறைக்காமல் தமிழில் அச்சிட்டு, ஏல நாளில் விற்பனைக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். பருத்தி விலைப் பட்டியலுக்கு அருகிலேயே அதற்கு இடம் இருக்கும்.