உங்களுக்குத் தெரியுமா? புது சீசனில் யாருக்கு யோகம்?

● புதுச்சேரி தட்டாஞ்சாவடிக்கு மிக அருகில் இருக்கும் தொழில்முறை கூடைப்பந்து அணி எது தெரியுமா? சென்னை ஹீட். ஈ.சி.ஆரில் ஏறினால் 150 கிலோமீட்டர். இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் 2022-இல் தொடங்கிய ஐ.என்.பி.எல். லீக்கின் ஆறு அணிகளில் அது ஒன்று. தேசியப் போட்டிகளில் புதுச்சேரிக்குத் தனி அணி உண்டு. லீக்கில் கிடையாது. ஆகவே கைதட்டுவதாக இருந்தால் நமக்கும் சென்னைதான்.

● "அடுத்த சீசனில் ஹீட் தேறுமா?" என்று கேட்கிறீர்களா? "அடுத்த சீசன் எப்போது?" என்று கேளுங்கள், அதுதான் சரியான கேள்வி. முதல் லீக் 2022-இல் தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்தது. 2025-இல் அதே நிர்வாகம் '25 வயதுக்கு உட்பட்டோர்' என்ற புது வடிவத்தில் ஒரு லீக் நடத்தியது. சென்னை ஹீட்டும் மும்பை டைட்டன்ஸும் பெயர் மாறாமல் வந்தன. கொச்சியையும் பெங்களூருவையும் காணோம், ஐதராபாத்தும் குஜராத்தும் புதிதாக வந்து நின்றன. சென்ற முறை யாரிடம் தோற்றோம் என்று பழிவாங்கக் காத்திருந்த ரசிகனுக்கு, பழைய எதிரிகளில் சிலரைக் காணவே காணோம்!

● சென்னை ஸ்லாம் ஞாபகம் இருக்கிறதா? 2015-இல் வந்த யு.பி.ஏ. லீக்கில் சென்னையின் பெயரில் ஆடிய அணி. புனே பேஷ்வாஸ், ஹரியானா கோல்டு என்று மொத்தம் எட்டு அணிகள். 2017-க்குப் பிறகு லீக்கே இல்லை. அணியின் பலம், பலவீனம் பற்றியெல்லாம் நாம் பேசத் தொடங்கும்போதே கடையைச் சாத்திவிட்டார்கள்.

● லீக் இல்லாத மாதங்களில் ஆட்டக்காரருக்குச் சோறு போடுவது யார்? வங்கி, ரயில்வே, ராணுவம், மின்வாரியம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியக் கடற்படை, கேரள மின்வாரியம் ஆகிய பெயர்களைக் கேட்டால் உங்களுக்குப் பாஸ்புக்கும் கப்பலும் கரண்டு பில்லும் நினைவுக்கு வரலாம். கூடைப்பந்து ரசிகனுக்கு அவை டீம்கள். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் அனிதா பால்துரை. 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யு.என்.பி.ஏ.வின் தேர்வு முகாம்கள் வரை போய்வந்தார். என் கணக்கில், லீக்குகளை நம்பாமல் வேலைக்கான ஆர்டரை நம்பியதுதான் நம் கூடைப்பந்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது. அந்த வேலைவாய்ப்பு சுருங்கினால் சென்னை ஹீட்டுக்கு ஆள் எங்கிருந்து வரும் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

● 2022-இல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் ஆண்கள் பட்டம் தமிழ்நாட்டுக்கே. இறுதியில் வீழ்ந்தது பஞ்சாப். ஆக, சரக்கு இருக்கிறது.

● பிரான்ஸில் உறவுக்காரர் உள்ள வீடுகள் நம்மூரில் ஏராளம். அவர்களிடம் விக்டர் வெம்பன்யாமா யார் என்று கேட்டுப் பாருங்கள். உயரம் 2.24 மீட்டர். 2023-இல் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி முதல் ஆளாக அள்ளிக்கொண்டு போன பிரெஞ்சுப் பையன். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் ஸ்பர்ஸ் 82 ஆட்டங்களில் 22-இல் வென்றது. அவர் வந்த சீசனில்? அதே 22! ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது மட்டும் அவர் கையில். அதற்கடுத்த சீசனில் 34 வெற்றி, அதிலும் தோளில் ரத்தம் உறைந்ததால் அவர் பாதியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. புது சீசனுக்கு ஆரூடம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

● ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது பாரிஸில், 1893 டிசம்பர் 27 அன்று, திரேவிஸ் தெருவில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில். இன்றும் மிஞ்சியிருக்கும் உலகின் மிகப் பழைய கூடைப்பந்துக் களம் அது. 2019 ஜனவரியில் அந்தத் தெருவில் நிகழ்ந்த எரிவாயு வெடிப்பில் கட்டடம் சேதமடைந்தது.

● ஆனால் தமிழ்நாட்டுக்கு இந்த விளையாட்டு பாரிஸ் வழியாக வரவில்லை. கூடைப்பந்து பிறந்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில், 1891-இல். அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அங்கிருந்து பி.டி. மாஸ்டர்கள் கிளம்பினார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் பந்தும் போனது.

● 1954 நவம்பர் 1, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால், அக்டோபர் 30 அன்று, என்.பி.ஏ.வில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. பந்தைக் கையில் எடுத்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். 1950-இல் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்த அளவுக்குப் பந்தைப் பூட்டிவைத்து வெறுப்பேற்றியதன் பலன். அதென்ன 24? சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பயசோன் போட்ட மனக்கணக்கு அது. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 120 முறை எறியும். வகுத்தால் 24.

● சத்னாம் சிங் 2015-இல் 52-ஆவது ஆளாக டல்லாஸ் மாவெரிக்ஸால் தேர்வானார். என்.பி.ஏ. தேர்வில் இடம்பிடித்த முதல் இந்தியர். பிரதான சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

● லீக் நின்றாலும் நிற்காத சீசன் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, அது மே மாதம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை. கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. கோப்பை. நாட்டின் முன்னணி அணிகள் வந்து ஆடுகின்றன. சென்னை ஹீட்டின் அடுத்த பட்டியலில் யார் யார் இருக்கக்கூடும் என்று தெரிய வேண்டுமா? லீக் அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்த மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரியகுளத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.